குட்டிக் கட்டில் கால் பேனா

இன்று தோழி பாத்திமாவுக்குப் பிறந்தநாள். பரிசாக ஒரு மரப்பேனா கடைந்து வாங்க, பெரியகுளத்தில் லேத் பட்டறை வைத்திருக்கும் மாமாவிடம் காலையிலேயே மாமரக் கட்டைத் துண்டோடு போய் நின்றேன்.

மாமா கட்டில் கால் கடைபவர். உளி பட்டதும் சீவல் சுருள் சுருளாகப் பறந்தது. துளை போட்டு ரீஃபில் செருகி முடித்ததும் பார்த்தால், பேனா முழுக்கக் குண்டு குண்டாகக் குமிழ்கள்.

"என்ன மாமா, கட்டில் காலு மாதிரி இருக்கு?"

"பழகுன கை, அங்கனயே போயிருச்சு ஆத்தா."

வேறு கட்டையும் இல்லை, பள்ளிக்கு நேரமும் ஆகிவிட்டது. பிடிக்குமோ பிடிக்காதோ என்ற பயத்தோடுதான் கொடுத்தேன்.

பாத்திமா திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"கட்டில் காலா? நான் வகுப்புல தூங்குறத இப்பிடியாடி குத்திக் காட்டுவ?" என்று சிரித்தவள், நாள் முழுக்க அதிலேயே எழுதினாள்.

பள்ளி விட்டதும் கேட்டாள், "மிச்ச மூணு காலு எப்ப தருவ?"

மாமாவிடம் சொல்லிவிட்டேன். வேறு யாருக்காவது கட்டில் வேண்டுமா?