நூற்று முப்பத்து நான்கு சென்டிமீட்டர்

நான் குழந்தைகளின் சட்டைக்கு அளவு பார்க்கிறவன். திருப்பூரில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியின் சாம்பிள் ரூமில் பதினாறு வருடமாக இதுதான் என் பிழைப்பு. வெளிநாட்டிலிருந்து அளவுத்தாள் வரும். எத்தனை வயதுக் குழந்தைக்கு எத்தனை உயரம், நெஞ்சுச் சுற்றளவு எவ்வளவு, கை நீளம் எவ்வளவு என்று எல்லாம் அதில் இருக்கும். அதன்படி ஒரு சட்டை தைக்கச் சொல்லி, மேசையில் விரித்து, டேப் வைத்து அளப்பேன். அரை சென்டிமீட்டர் கூடக் குறைய இருந்தாலும் டெய்லரிடம் தையலைப் பிரிக்கச் சொல்வேன். அதனால் அந்த அறையில் என்னைக் கண்டால் யாருக்கும் ஆகாது. எனக்கும் அதில் பெரிய வருத்தம் இல்லை.

அளந்த சட்டையைப் பொம்மைக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். நான்கு வயது, ஆறு வயது என்று வரிசையாக நிற்கும் தலை இல்லாத பொம்மைகள் அவை. மத்தியானச் சாப்பாட்டையும் அவற்றுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துதான் சாப்பிடுவேன். கேன்டீனில் எல்லோரும் வீட்டுக் கதை பேசுவார்கள். என்னிடம் புதிதாகச் சொல்ல எதுவும் இருக்காது.

என் மனைவி அரசுப் பள்ளி ஆசிரியை. மூன்று வருடத்துக்கு முன்னால் உடுமலைப்பேட்டைக்குப் பக்கத்து ஊருக்கு மாறுதல் வந்தது. மகளை இங்கே பூட்டிய வீட்டில் விட முடியாது என்று கூடவே கூட்டிக்கொண்டு போய் அங்கேயே வாடகைக்கு வீடு பிடித்தாள். எங்களுக்குள் சண்டை எதுவும் இல்லை. சண்டை இருந்திருந்தால் சமாதானம் என்று ஒரு நாளாவது வந்திருக்கும். இரண்டு மணி நேர பஸ் பயணம்தான், ஞாயிற்றுக்கிழமை வந்துவிடுகிறேன் என்று சொல்வேன். சனிக்கிழமை சாயங்காலம் ஏதாவது ஒரு ஷிப்மென்ட் வந்து குறுக்கே நிற்கும். இந்த ஞாயிறு அடுத்த ஞாயிறாகி, அதுவும் அடுத்த மாதமாகிவிடும்.

போகிற நாட்களிலும் நான் ஒழுங்காகப் போனதில்லை. பஸ்ஸில் இறங்கிப் போய்ச் சாப்பிட்டதும் அசந்து தூங்கிவிடுவேன். எழுந்தால் மகள் நாற்காலியில் சம்மணம் போட்டுக்கொண்டு படம் வரைந்துகொண்டிருப்பாள். டீ குடித்துவிட்டுக் கிளம்பிவிடுவேன். மற்ற நாட்களில் வீடியோ காலில் முகத்தைப் பார்ப்பேன், பல் விழுந்ததையும் முளைத்ததையும் அதில்தான் பார்த்தேன். அவளை நிற்க வைத்துப் பார்த்து எவ்வளவு நாளாயிற்று என்று அப்போது யாராவது கேட்டிருந்தால் பதில் சொல்லியிருக்க மாட்டேன்.

அவளுக்குத் தீம் பார்க் போக வேண்டும். வகுப்பில் பாதிப் பேர் போய்விட்டு வந்துவிட்டார்களாம். கோயம்புத்தூரில் ஒரு பார்க்கைச் சொல்லி இரண்டு வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். இரண்டு தடவை கிளம்புவதாகச் சொல்லி இரண்டு தடவையும் நான்தான் கெடுத்தேன். முதல் தடவை ஷிப்மென்ட். இரண்டாவது தடவை ஆடிட். அன்றைக்கு அவள் பையில் துணி எடுத்து வைத்துவிட்டுச் செருப்புகூடப் போட்டிருந்தாள் என்று மனைவி சொன்னாள். நான் போனில் மன்னிப்புக் கேட்டபோது மகள் அழவில்லை. "பரவால்லீங்கப்பா, உங்களுக்கு வேலை இருக்கும்" என்றாள். அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.

இந்தக் கோடை விடுமுறையில் எப்படியும் போய்விடுவது என்று முடிவெடுத்தேன். என்மேல் எனக்கே நம்பிக்கை இல்லாததால் முன்கூட்டியே டிக்கெட் எடுத்துவிட நினைத்தேன். தேதியை மாற்ற முடிகிற டிக்கெட்டும் இருந்தது, முடியாத டிக்கெட்டும் இருந்தது. மாற்ற முடியாததைத்தான் எடுத்தேன். என்னைப் போன்றவனைக் கட்டிப்போட அதுதான் சரி.

சாப்பாட்டு நேரத்தில், பொம்மைகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, போனில் ஒவ்வொன்றாக நிரப்பினேன். புதன்கிழமை. பெரியவர்கள் இரண்டு. குழந்தைகள் என்ற கட்டத்துக்குக் கீழே, உயரம் நூற்று நாற்பது சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்று போட்டிருந்தது. மகளுக்கு வருகிற ஆனியில்தான் பத்து முடிகிறது. அப்படியானால் ஒன்பது வயது. ஒன்பது வயதுக்கு நூற்று முப்பத்து நான்கு. தாளைப் பார்க்கத் தேவையில்லை, தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். வித்தியாசம் ஆறு சென்டிமீட்டர். எங்கள் தொழிலில் அது முழுதாக ஒரு சைஸ். யோசிக்காமல் குழந்தை டிக்கெட் ஒன்று என்று அழுத்தினேன். பிறகு ஒன்பது வயதுப் பொம்மைக்குப் பக்கத்தில் போய் நின்று, தலை இருக்க வேண்டிய இடத்தில் கையை வைத்துப் பார்த்தேன். என் நெஞ்சு வரைக்கும் வந்தது. இவ்வளவு உயரம் ஆகிவிட்டாளா என்று சந்தோஷமாகத்தான் இருந்தது.

அன்றைக்கே போன் செய்து சொன்னேன். மனைவி அடுப்படியில் இருந்தாள், மகள்தான் எடுத்தாள். டிக்கெட் எடுத்தாயிற்று, மாற்ற முடியாது, இந்தத் தடவை வானமே இடிந்து விழுந்தாலும் போகிறோம் என்றேன். உனக்குக் குழந்தை டிக்கெட், நூற்று நாற்பதுக்குள் இருக்கிறவர்களுக்கு அது, நீ நூற்று முப்பத்து நான்கு என்று பெருமையாகச் சொன்னேன்.

"டிக்கெட் தப்பா இருந்தா உள்ள உட மாட்டாங்களாப்பா?" என்று கேட்டாள்.

"அப்பா அளவுல தப்புப் பண்ணுவனா கண்ணு? அதுதானே நமக்குச் சோறு போடுது" என்றேன்.

"சரிங்கப்பா" என்றாள்.

அந்த வாரம் முழுக்க நான் நானாக இல்லை. மீந்த துணியில் மூன்று பேருக்கும் ஒரே நிறத்தில் டீ-ஷர்ட் தைக்கச் சொன்னேன். நீல நிறம், மகளுடையதில் மட்டும் சட்டைப்பையில் ஒரு சின்னப் பூ. சாம்பிள் டெய்லர் ராமநாதபுரத்துக்காரர், என்னிடம் திட்டு வாங்கியே பாதி முடி நரைத்தவர். அவர் அதை நன்றாகவே தைத்துக் கொடுத்தார். அளந்து பார்த்தேன், நூல் பிசகவில்லை. முதல் தடவையாக அவரிடம் நன்றாக இருக்கிறது என்றேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

திங்கட்கிழமை மேனேஜர் கூப்பிட்டு, புதன்கிழமை சரக்கு வாங்கும் வெளிநாட்டுப் பையரின் ஆள் இன்ஸ்பெக்‌ஷனுக்கு வருகிறார், நீங்கள் இல்லாமல் முடியாது என்றார். டிக்கெட் எடுத்துவிட்டேன் என்று சொன்னேன். அவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். வைத்துக்கொள்ளட்டும் என்று வந்துவிட்டேன். பதினாறு வருடத்தில் முடியாது என்று நான் சொன்னது அதுதான் முதல் தடவை, அதைச் சொல்ல எனக்கு ஒரு டிக்கெட் தேவைப்பட்டிருக்கிறது.

அவர்கள் பொள்ளாச்சி வழியாகவும் நான் அவிநாசி வழியாகவும் வந்து காந்திபுரம் பஸ் ஸ்டாண்டில் சந்திப்பதாக ஏற்பாடு. மனைவியைத் தூரத்திலேயே பார்த்துவிட்டேன். பக்கத்தில் நீளப் பாவாடை கட்டிய ஒரு பெண் நின்றாள். யாரோ கூட வந்தவர்கள் என்று நினைத்துக்கொண்டு மகளைத் தேடினேன். என் கண் மனைவியின் தோள் உயரத்திலேயே அலைந்துகொண்டிருந்தது. அந்தப் பெண் "அப்பா" என்று கூப்பிட்டுக்கொண்டு ஓடி வந்தாள்.

தலையைத் தடவலாம் என்று நீட்டிய கை அவள் நெற்றியில் இடித்தது. அம்மாவின் காது வரைக்கும் வந்துவிட்டாள். நூற்று நாற்பத்து மூன்று. எனக்கு டேப் வேண்டியதில்லை, பார்த்தாலே தெரியும். மற்றவர்கள் பெற்ற பிள்ளைகளுக்கு அரை சென்டிமீட்டருக்காக ஆளைத் திட்டுகிறவன் நான். என் பிள்ளைக்கு ஒன்பது சென்டிமீட்டர் தவறியிருந்தேன். பஸ் ஸ்டாண்டு நடுவில் அவமானமாக இருந்தது.

மனைவி டீ-ஷர்ட் கொண்டு வருவதாகச் சொன்னீர்களே என்று கேட்டாள். மறந்துவிட்டேன் என்றேன். மூன்றும் என் தோளில் தொங்கிய பையில்தான் இருந்தன. பார்க்குக்குப் போகிற பஸ்ஸில், பேன்ட் போடு, விளையாட வசதியாக இருக்கும் என்று எவ்வளவோ சொல்லியும் இந்தப் பாவாடையைத்தான் கட்டுவேன் என்று ஒரே அடம் என மனைவி மகளைப் பற்றிக் குறைசொல்லிக்கொண்டு வந்தாள். மகள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். டிக்கெட் விஷயத்தை வாசலில் சொல்லி, மிச்சப் பணத்தைக் கட்டிவிடலாம் என்று நான் மனதுக்குள் ஓட்டிக்கொண்டிருந்தேன்.

வாசலில் சுவரோரம் உயரம் பார்க்கும் பலகை இருந்தது. நூற்று நாற்பதில் சிவப்புக் கோடு. சின்னப் பிள்ளைகள் ஒவ்வொருவராகப் போய் நின்றார்கள், ஊழியப் பெண் ஒருத்தி கோட்டைப் பார்த்து உள்ளே அனுப்பிக்கொண்டிருந்தாள். நான் போனில் டிக்கெட்டைத் தேடி எடுப்பதற்குள் மகள் போய்ப் பலகையில் முதுகை ஒட்டி நின்றுவிட்டாள். அவள் தலை சிவப்புக் கோட்டுக்குக் கீழே இருந்தது.

எனக்குப் புரியவில்லை. பிறகு பாவாடையைப் பார்த்தேன். வரும்போது கணுக்காலுக்கு மேலே இருந்த ஓரம் இப்போது தரையில் மடிந்து கிடந்தது. நின்ற இடத்தில் பாவாடை நீளமாகாது. உள்ளே முழங்காலை மடித்து நிற்கிறாள். கீழுதட்டைக் கடித்துக்கொண்டு, தொடை நடுங்க, என் நூற்று முப்பத்து நான்குக்குள் தன்னை அடக்கிக்கொண்டு நிற்கிறாள்.

ஊழியப் பெண் தலையாட்டி, போம்மா என்றாள்.

"நிமிர்ந்து நில்லு சாமி" என்றேன்.

மகள் என்னைப் பார்த்தாள். முகம் வெளுத்துவிட்டது. மெதுவாக நிமிர்ந்தாள், தலை கோட்டைத் தாண்டி மேலே போனது. தப்பாக டிக்கெட் எடுத்தது நான்தான் என்று ஊழியப் பெண்ணிடம் சொன்னேன். அவள் ஒன்றும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, பக்கத்துக் கவுன்டரில் வித்தியாசத்தைக் கட்டச் சொன்னாள். இரண்டு நிமிட வேலை. கட்டிவிட்டுத் திரும்பி, போனிலேயே ஏன் கண்ணு சொல்லவில்லை என்று கேட்டேன். அவள் பாவாடையில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

"தப்புன்னு சொன்னா இந்தத் தடவையும் வேண்டாம்னு சொல்லிருவீங்கன்னு நெனச்சேனுங்கப்பா."

மனைவி கைக்குட்டையை எடுத்து மகளின் முகத்தைத் துடைத்தாள். என் பக்கம் பார்க்கவில்லை.

உள்ளே எல்லாம் நன்றாகத்தான் நடந்தது. நூற்று நாற்பதைத் தாண்டியவர்களுக்கு மட்டும் என்று சில பெரிய ராட்டினங்கள் உண்டு. அவற்றிலெல்லாம் மகள் ஏறினாள். ஒன்றில் அம்மாவையும் இழுத்துக்கொண்டு போனாள். எனக்கு உயரம் என்றால் தலை சுற்றும். கீழே பெஞ்சில் அவர்களுடைய செருப்புகளையும் பைகளையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மேலே போகும்போது இரண்டு பேரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு கத்தினார்கள். அவர்கள் என்னைத் தேடிக் கையாட்டினார்களா என்று தெரியவில்லை. நான் ஆட்டினேன்.

மனைவி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். மகள் இரண்டாம் தடவைக்கு வரிசையில் நின்றுவிட்டிருந்தாள்.

"அவ உசரம் எவ்வளவுன்னு என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமுங்க" என்றாள்.

கோபமாகச் சொல்லவில்லை. எனக்கு ஏன் கேட்கத் தோன்றவில்லை என்று யோசித்தேன். என் மகளைப் பற்றி இன்னொருவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய இடத்தில் நான் இருக்கிறேன் என்பதே எனக்குத் தெரிந்திருக்கவில்லை. ஆமாம் என்று மட்டும் சொன்னேன்.

ராத்திரி ரூம் எடுத்துத் தங்கி, மறுநாள் காலையில் மருதமலை ஏறிக் கும்பிட்டுவிட்டு வந்தோம். அவர்கள் பஸ் முதலில் கிளம்பியது. டேப் என் பாக்கெட்டில்தான் இருந்தது. ஒரு தடவை அளந்துகொள்ளட்டுமா கண்ணு என்று கேட்க வாய் வரைக்கும் வந்தது. வெட்கமாக இருந்தது, கேட்கவில்லை. மகள் ஜன்னலிலிருந்து, அடுத்த லீவுக்கும் வருவீங்களாப்பா என்று கேட்டாள். வருகிறேன் என்றேன். அவள் தலையாட்டிய விதம் எனக்குத் தெரியும். பரவாயில்லை என்று சொல்வதற்குத் தயாராக இருக்கிற தலையாட்டல் அது.

வெள்ளிக்கிழமை வேலைக்குப் போனேன். மேனேஜர் பேசவில்லை. டெய்லர் மட்டும் மிஷினை நிறுத்திவிட்டு, பாப்பாவுக்கு டீ-ஷர்ட் அளவு சரியாக இருந்ததா என்று ஆவலாகக் கேட்டார். சரியாக இருந்தது என்றேன். அவருக்கு அவ்வளவு சந்தோஷம்.

மத்தியானம் எல்லோரும் கேன்டீனுக்குப் போன பிறகு பையைத் திறந்தேன். பூ வைத்த அந்த நீலச் சட்டையை எடுத்து ஒன்பது வயதுப் பொம்மைக்குப் போட்டேன். தோள், நெஞ்சு, கை, எங்கேயும் ஒரு சுருக்கம் இல்லை. அதற்குக் கச்சிதமாகப் பொருந்தியது.