நாளைக்கே தருகிற சுவிட்ச்

போன வாரம் ஒருவர் எங்களுக்குத் தருவதற்காக எங்களிடமே சுவிட்ச் கேட்டார். நம்புகிறீர்களா?

என் மனைவியின் தங்கை மலருக்கு மருதனார்மடத்தில் சின்னதாக ஒரு பட்டறை. மாவரைக்கும் கிரைண்டர் செய்கிறார். கோயில் அன்னதான மடம் ஒன்று பெரிய கிரைண்டர்கள் கேட்டிருந்தது. வெள்ளிக்கிழமை கொடியேற்றம். கல், மோட்டர் எல்லாம் பூட்டியாயிற்று — சுவிட்ச் மட்டும் இல்லை. வழக்கமாகத் தரும் கொழும்புக்காரர், சாமான் இன்னும் கப்பலில் என்று திங்கட்கிழமை கையை விரித்துவிட்டார்.

சுவிட்ச் இல்லாத கிரைண்டர் என்றால் என்ன? ஆட்டுக்கல்தான்... கையாலும் ஆட்ட முடியாத ஆட்டுக்கல்!

அன்று நானும் பட்டறையில் இருந்தேன். மலர் முதலில் சுன்னாகத்துக் கடைக்காரருக்கு போன் போட்டார். அவர் நெடுநேரம் யோசித்தார்.

"வியாழன் பின்னேரம்தான் தரலாம் தங்கச்சி. அதுக்கு முந்தி ஏலாது."

பிறகு சொல்கிறேன் என்று வைத்துவிட்டு, அரியாலைக்காரர் ஒருவரை அழைத்தார். முதல் மணியிலேயே எடுத்தார்.

"ஓம் அக்கா! என்ன மொடல் எண்டாலும் நாளைக்கே தாறன்!"

மலர் இன்னும் மொடலைச் சொல்லவேயில்லை.

"எப்பிடி அத்தான்?" என்று என்னைப் பார்த்தார்.

"உவர்தான் ஆள்," என்றேன். மலருக்கும் அதே எண்ணம்தான். யோசிக்கிற மனிதரை அவசரத்தில் யாருக்குப் பிடிக்கும்?

செவ்வாய் முழுக்க, "வந்துகொண்டிருக்கு அக்கா." புதன் காலையில் அவர் போனையே எடுக்கவில்லை. மத்தியானம் பட்டறை லைனில் மணி அடித்தது. நான் எடுத்தேன்.

"அண்ணை, ஆரோ உங்கடை நம்பர் தந்தவை. கிரைண்டர் சுவிட்ச் கிடக்கோ? சரியான அவசரம்."

"ஆருக்கு?"

"மருதனார்மடத்திலை ஒரு அக்கா. மனுசி உயிரை வாங்குது."

"தம்பி... அந்த அக்கா எனக்குப் பக்கத்திலைதான் நிக்கிறா."

அவர் மெதுவாகக் கேட்டார் —

"அப்ப... அவவிட்டையும் இல்லையோ?"

நான் சிரித்துவிட்டேன். மலர் சிரிக்கவில்லை. கண் கலங்க ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு சுன்னாகத்துக்குப் பறந்தார். எப்படிக் கேட்பது என்று தெரியாமல் கடை வாசலிலேயே தயங்கி நின்றாராம். கடைக்காரர்தான் பேச்சைத் தொடங்கினார்.

"ஏன் தங்கச்சி இண்டைக்கு வந்தனீங்கள்? நாளைக்கெல்லோ சொன்னனான்? அண்டைக்கே ஓடர் போட்டிட்டன். நீங்கள் வேண்டாம் எண்டு சொல்லேல்லையே!"

வியாழன் பின்னேரம் சுவிட்ச் வந்தது. வெள்ளி விடிய மடத்தில் உளுந்து அரைபட்டது.

மரியாதையாக ஒரு போன் போட்டு, "வேண்டாம் அண்ணை" என்று சொல்லியிருந்தோமானால்... கொடியேற்றத்தன்று வடையே இல்லை!