பன்னிரண்டு பேரும் சொன்ன ஓம்

நான் படித்தது மூன்றாம் வகுப்பு. அதையும் முழுதாக முடிக்கவில்லை. ஆனால் மன்னார்த் தீவுக்குக் கருவாடு வாங்க வரும் எந்த லொறிக்காரனைக் கேட்டாலும் என் மீன் உலர்த்தும் வாடிக்கு வழி சொல்வான். இந்தியாவில் அகதி முகாமில் பதினேழு வருடம் இருந்துவிட்டு, இரண்டு சூட்கேசும் ஒரு மருமகளுமாகத் தோட்டவெளிக்குத் திரும்பி வந்தவள் நான். புருசன் முகாமிலேயே காலமாகிவிட்டார். மகன் வவுனியாவில் மேசன் வேலைக்குப் போனான். வெறும் மணலில் நாலு கம்பு நட்டு, பழைய வலையை விரித்து, அதில் மீன் காயவைக்கத் தொடங்கினேன். நாலாம் வருடம் ஆறு பந்தல் நின்றது. இதைச் சொல்வதில் எனக்கு வெட்கமில்லை. செய்தவள் சொல்லாமல் வேறு யார் சொல்வது?

அப்படிப்பட்ட நான் ஒரு பொய் சொன்னேன். அந்தப் பொய்யால் பன்னிரண்டு பெண்கள் ஒரு வள்ளத்தை இழக்கப் பார்த்தார்கள். அதைத்தான் இங்கே எழுத வந்தேன்.

சண்டை முடிந்து சனங்கள் திரும்பி வந்துகொண்டிருந்த வருடங்கள் அவை. கோழிக்குஞ்சு தருகிறோம், தையல் மெசின் தருகிறோம் என்று நிறுவனங்கள் வரும், போகும். நான் அவர்களிடம் கோழிக்குஞ்சு கேட்கவில்லை, வள்ளம் கேட்டேன். ஆம்பிளைகளின் வள்ளம் எப்போது வரும் என்று கரையில் குந்தியிருந்து, அவர்கள் கழித்துவிட்டதை வாங்கிக் காயவைக்கிறோமே, எங்களுக்கென்று நண்டு வலை போட ஒரு வள்ளம் இருந்தால் என்ன என்று நிறுவனங்களின் கந்தோர் கந்தோராக ஏறி இறங்கினேன். கடைசியில் ஒரு நிறுவனம் சம்மதித்தது. இஞ்சினோடு ஒரு பைபர் வள்ளம். அதற்கு முதல் ஐந்து நாள் பயிற்சி. கயிறு முடிவது, திசைகாட்டி பார்ப்பது, காற்றில் நெருப்பு மூட்டுவது, திருக்கை குத்தினால் என்ன செய்வது, இஞ்சினின் பிளக்கைக் கழற்றித் துடைப்பது, தண்ணீரில் மிதப்பது என்று எல்லாம் கையால் செய்து பழகும் பயிற்சி.

எங்கள் கரையின் மீனவர் சங்கம் ஒரு நிபந்தனை வைத்தது. பயிற்சி முடிந்த மறுநாள், சங்கத்தார் பார்த்திருக்க, ஆகக்குறைந்தது ஆறு பெண்கள் ஆழத்தில் மிதவை ஜாக்கெட் இல்லாமல் பத்து நிமிடம் மிதக்க வேண்டும். பிறகு ஒருவர் கையும் படாமல் வள்ளத்தில் ஏற வேண்டும். ஏறியவர்கள்தான் கடலுக்குப் போகலாம். ஆறு பேர் சேராவிட்டால் வள்ளம் அடுத்த கரை ஆம்பிளைகளுக்குப் போகும். நான் இதைக் குறைசொல்ல மாட்டேன். கடலில் விழுந்தவளைத் தேடிப் போகிறவர்கள் அவர்கள்தானே.

பெயர் பதிகிற அன்று வரிசையில் நான்தான் முதல் ஆள். படிவம் நிரப்பிய பிள்ளை, நீச்சல் தெரியுமா என்று கேட்டாள்.

“கடற்கரையில பிறந்தவளிட்ட கேக்கிற கேள்வியே இது? ஓம் எண்டு போடு பிள்ளை,” என்றேன். எல்லோருக்கும் கேட்கத்தான் சொன்னேன். எனக்குப் பின்னால் நின்ற பதினொரு பேரும், என் மருமகள் உட்பட, ஓம், ஓம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

பழக்க வந்தவள் மட்டக்களப்புப் பெட்டை. முப்பது வயதிருக்கும். வாவிக்கரையில் வளர்ந்தவள், பேச்சில் எங்கள் ‘வாங்கோ’ இல்லை, ‘வாங்க’தான். நாங்கள் அவளை டீச்சர் என்றோம். ஞாயிற்றுக்கிழமை எல்லோருக்கும் ஓய்வாக இருக்கும் என்று நினைத்து அவள் அன்றைக்கே தொடங்கினாள். ஞாயிறு எங்கள் கரையில் ஒரு வள்ளமும் கடலுக்குப் போகாது என்பது அவளுக்குத் தெரியாது. தேவாலயத்தில் பூசை முடிந்து வந்த ஆம்பிளைகள் அத்தனை பேரும் கவிழ்த்துவைத்த வள்ளங்களின் மேல் வரிசையாகக் குந்தியிருந்தார்கள். நாங்கள் நிறுவனம் தந்த கறுப்புக் காற்சட்டையோடும் நீளக்கைச் சட்டையோடும் நின்றோம். ஒருத்தியும் தண்ணீர்ப் பக்கம் போகவில்லை. ஆகவே முதல் நாள் முழுக்கக் கரை வேலை.

கரை வேலையில் என்னை யார் வெல்வது? கச்சான் காற்று அடிக்க அடிக்க, ஈர விறகில், ஒற்றைத் தீக்குச்சியில் நெருப்பு மூட்டிக் காட்டினேன். டீச்சர் ஆறு முடிச்சுச் சொல்லித்தந்தாள். அதில் நாலு எனக்கு முன்பே தெரியும், பெயர்தான் தெரியாது. திருக்கை குத்தினால் சூடு தாங்கும் அளவு வெந்நீரில் காலை வைக்க வேண்டும் என்று அவள் சொல்லத் தொடங்க முதலே நான் சொல்லிவிட்டேன். அவள் என்னைக் காட்டி, “அம்மா இருக்கக்குள்ள எனக்கு இங்க வேலையில்ல,” என்றாள். அந்தச் சொல்லை நான் வீட்டுக்குக் கொண்டுபோய் மருமகளிடம் இரண்டு தரம் திருப்பிச் சொன்னேன். அவளும் பக்கத்தில்தான் நின்றவள்.

இரண்டாம் நாள் திங்கள். ஆம்பிளைகள் கடலுக்குப் போய்விட்டார்கள். எங்கள் பக்கக் கடல் ஆழமில்லாதது. எவ்வளவு தூரம் நடந்தாலும் இடுப்பளவுதான், காலில் சாதாழைக் கடற்புல் சுற்றும். அதனால் டீச்சர் ஆறு ஆறு பேராக நிறுவனத்தின் வள்ளத்தில் ஏற்றி ஆழத்துக்குக் கொண்டுபோனாள். இஞ்சினை நிறுத்திவிட்டு, ஜாக்கெட்டைக் கழற்றிக் குதிக்கலாம் என்றாள். படிவத்தைப் பார்த்துத்தான் அப்படிச் சொன்னாள். எல்லோரும் நீச்சல்காரிகள் என்று அதில் இருந்தது.

ஒருத்தியும் ஜாக்கெட்டின் கொழுவியைத் தொடவில்லை. ஐந்து பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் தண்ணீரைப் பார்த்தேன்.

“இண்டைக்குத் தண்ணியின்ர நிறம் சரியில்லை,” என்றேன். சொறிமுட்டை மிதந்து வருகிற நிறம் இது, பட்டால் உடம்பெல்லாம் தடிக்கும் என்று அரைமணி நேரம் விளக்கினேன். டீச்சர் ஒரு சொல் விடாமல் கொப்பியில் எழுதிக்கொண்டாள். பிறகு இஞ்சினை இழுத்து எங்களைக் கரைக்குக் கொண்டுவந்தாள். மற்ற ஆறு பேரையும் அன்று ஆழத்துக்குக் கொண்டுபோகவில்லை. என் சொல்லுக்கு அவ்வளவு மதிப்பு. கரையில் இறங்கும்போது எனக்கு மகிழ்ச்சியாகத்தான் இருந்தது, அதையும் மறைக்க மாட்டேன்.

பின்னேரம் பந்தலில் மீன் புரட்டிக்கொண்டு நின்றோம். மருமகள் எனக்கு எதிர்ப்பக்கம். அவள் சின்ன வயதிலிருந்தே முகாமில் வளர்ந்தவள், அதிகம் கதைக்க மாட்டாள்.

“மாமி, எனக்கு நீந்தத் தெரியாது. நீங்கள் ஓம் எண்டதால நானும் ஓம் எண்டனான்.”

மற்றவர்களுக்குத் தெரியும்தானே என்றேன்.

“எல்லாரையும் கேட்டுப்போட்டன். ஒருத்தருக்கும் தெரியாதாம். இன்னும் கேளாத ஆள் நீங்கள்தான்.”

நான் இன்னும் இரண்டு மீனைப் புரட்டினேன். மூன்றாவதையும் புரட்டினேன். பிறகு, “எனக்கும் தெரியாது,” என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். இதில் ஒளிக்க என்ன இருக்கிறது? என் அண்ணன்மார் நீந்தினார்கள். நான் அவர்களுடைய உடுப்பைப் பிடித்துக்கொண்டு கரையில் நின்றேன். பெட்டைகள் முழங்காலுக்கு மேல் நனைந்து வந்தால் வீட்டில் அடி விழும். இந்தியாவுக்கு வள்ளத்தில் போனபோதும் பலகையைப் பிடித்த கையை நான் எடுக்கவேயில்லை. ஐம்பத்தைந்து வருடம் கடலின் காசைத் தின்றேன், கடலுக்குள் இறங்கவில்லை. எங்கள் கரையில் முக்கால்வாசிப் பெண்கள் அப்படித்தான். ஒருவரும் எங்களைக் கேட்டதில்லை, அதனால் ஒருவருக்கும் தெரியாது.

மருமகள் சொன்னாள், “வெள்ளிக்கிழமைக்குள்ள ஆறு பேர் வேணும் மாமி. நாளைக்கும் தண்ணியின்ர நிறம் சரியில்லாமல் போனா வள்ளம் போயிடும்.” வெள்ளிக்கிழமை காலைதான் சங்கத்தார் வருவதாக இருந்தது. வியாழன் பயிற்சி முடிகிறது.

மறுநாள் விடிய மருமகளைச் சைக்கிளை எடுக்கச் சொல்லி, பின்னால் ஏறிக் குந்தி, டீச்சர் தங்கியிருந்த மிசன் வீட்டுக்குப் போனேன். கிணற்றடியில் பல் துலக்கிக்கொண்டு நின்றாள். ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். அவள் வாயில் இருந்ததைத் துப்பினாள்.

“பன்னிரண்டு பேருக்குமா?”

“பன்னிரண்டு பேருக்கும்.”

“அப்ப நேத்துத் தண்ணிட நிறம்?”

“அது நல்ல நிறம்.”

அவள் முகம் கழுவினாள், துடைத்தாள், கொப்பியை எடுத்து வந்து அந்தப் பக்கத்தைக் கிழித்தாள். ஏசுவாள் என்று நின்றேன். “இனிக் கயிறும் வேணாம், நெருப்பும் வேணாம். மூணு நாளும் தண்ணிதான்,” என்றாள். அவ்வளவுதான்.

அந்த மூன்று நாளும் நாங்கள் ஊறிய ஊறலில் விரல் நுனியெல்லாம் சுருங்கிப்போயிற்று. இடுப்பளவு தண்ணீரில் ஒருத்தி மல்லாந்து படுக்க, மற்றவள் அவள் தலையைக் கையில் தாங்க வேண்டும். பாரத்தைக் கழுத்தில் வைத்திருக்காதே, தாங்குகிற கையில் விடு என்பதுதான் முழுப் பாடமும். என்னால் விட முடியவில்லை. செவ்வாய் முழுக்க விறைத்துப்போய் முங்கினேன், மூக்கால் குடித்தேன். புதன் மத்தியானம், களைப்பில்தான், கழுத்தை மருமகளின் கையில் விட்டுவிட்டேன். காது தண்ணீருக்குள் போனதும் வெளிச்சத்தமெல்லாம் நின்றது. எங்கோ ஓடுகிற இஞ்சின் சத்தம் மட்டும் தலைக்குள் கேட்டது. அவள் எப்போது கையை எடுத்தாள் என்று எனக்குத் தெரியாது. மிதந்துகொண்டிருந்தேன். மெலிந்த பெட்டைகளெல்லாம் கால் கீழே இழுக்கத் திணறும்போது என் உடம்பு பலகைபோலக் கிடந்தது. என் உடம்பு மிதக்கிற உடம்பு. டீச்சரே சொன்னாள்.

வியாழக்கிழமைக்குள் ஒன்பது பேர் மிதந்தோம். ஆனால் வள்ளத்தில் ஏறக்கூடியவர்கள் மருமகளோடு சேர்த்து மூன்று பேர்தான். விளிம்பு உயரம், கையால் உன்னினால் வழுக்கும், பிடித்துத் தொங்கத்தான் முடியும். மூன்று பேரை வைத்துக்கொண்டு ஆறு பேரைக் காட்ட முடியாது. மற்றவர்கள் கரையில் குந்தி அழத் தொடங்கினார்கள்.

எனக்கு அப்போது லொறி நினைவுக்கு வந்தது. நான் ஆள் கட்டை. கருவாட்டுச் சாக்கை எண்ண லொறியின் பின் பலகையில் ஏறுவதற்கு ஒரு கயிற்றில் கண்ணி போட்டுத் தொங்கவிட்டு, அதில் காலை வைத்து ஏறுவேன். வள்ளத்தின் நடுப்பலகையில் கயிற்றைக் கட்டி, தண்ணீருக்குள் முழங்கால் ஆழத்துக்குக் கண்ணி விழும்படி விட்டேன். இன்னும் மூன்று பேர் அன்றைக்கே ஏறினார்கள்.

“இது புத்தகத்திலயும் இருக்கும்மா,” என்றாள் டீச்சர்.

“அதை எழுதினவனும் லொறியில ஏறினவனாத்தான் இருப்பான்,” என்றேன்.

வெள்ளிக்கிழமை சங்கத் தலைவர் இன்னும் இரண்டு பேரோடு தன் வள்ளத்தில் வந்து எங்களுக்குப் பக்கத்தில் நின்றார். பெரிய மீசைக்காரர், ஒருகாலத்தில் பல வள்ளம் வைத்திருந்த சம்மாட்டி. மணிக்கூட்டைக் கையில் வைத்திருந்தார். ஒன்பது பேரும் பத்து நிமிடம் மிதந்தோம். அவர் தலையை ஆட்டினார். கயிற்றைக் கண்டதும் தலை நின்றுவிட்டது. சும்மா கையோடு ஏறுவதாகத்தானே கதை, இது உதவியல்லவா என்றார்.

நான் தண்ணீரில் கிடந்தபடியே சொன்னேன்: “சம்மாட்டி, கயிறு வள்ளத்தின்ர சாமான். கடலில விழுந்தவள் வள்ளத்தில கிடக்கிற கயிற்றைப் பிடிக்காமல் உங்கட மீசையையே பிடிக்கிறது?”

அவரோடு வந்த இரண்டு பேரும் குனிந்து சிரித்தார்கள். அவர் மீசையைத் தடவிக்கொண்டு, சரி, ஏறுங்கோ என்றார்.

மருமகள் கயிறே இல்லாமல் ஏறினாள். பிறகு ஒவ்வொருவராக ஏறி, அவளோடு ஆறு பேர் ஆகிவிட்டார்கள். வள்ளம் எங்களுடையது என்று அப்போதே முடிந்துவிட்டது. ஏழாவது நான். கண்ணிக்குள் காலை வைத்து உன்னினேன். கால் வள்ளத்துக்கு அடியில் போயிற்று, உடம்பு பின்னால் சாய்ந்தது. லொறிக்கு அடியில் நிலம் இருக்கிறது; கடலுக்கு அடியில் என்ன இருக்கிறது? இரண்டாம் தரமும் அப்படி. மூன்றாம் தரம் விளிம்பில் நெஞ்சு வரைக்கும் வந்து வழுக்கினேன். மருமகள் கையை நீட்டினாள். டீச்சர் அந்தக் கையைத் தடுத்து, என்னைப் பார்த்துக் கேட்டாள், “உதவி கேக்கிறீங்களாம்மா?”

கேட்டால் என் பெயர் பட்டியலில் இல்லை. தலைவர் பேனையோடு பார்த்துக்கொண்டிருந்தார். இன்னொரு தரம் முயன்றால் ஏறியிருப்பேன் என்று இன்றைக்கும் சொல்வேன். ஆனால் விளிம்பைப் பிடித்த விரல் ஒவ்வொன்றாகக் கழன்றுகொண்டிருந்தது.

“தூக்குங்கோ,” என்றேன்.

மூன்று பேர் சேர்ந்து என்னைப் பெரிய திருக்கையைப்போல உள்ளே இழுத்துப் போட்டார்கள். தலைவர் ஆறு பெயரை எழுதினார். என் பெயரை எழுதவில்லை. நானும் கேட்கவில்லை.

மூன்று மாதம் கழித்து ஏறினேன். இப்போது கண்ணியில்லாமலே ஏறுவேன், நம்பாதவர் வந்து பார்க்கலாம். ஆனால் வள்ளம் முதன்முதலாகப் போன அன்று நான் கரையில்தான் நின்றேன். நாலு பேர் போனார்கள். மருமகள் இஞ்சினுக்குப் பக்கத்தில் இருந்தாள். நாலாம் இழுவைக்கு இஞ்சின் பிடித்தது. நீரோட்டம் வலப்பக்கம் இழுக்கும், இடப்பக்கம் பிடி என்று கத்தினேன். அவள் திரும்பிப் பார்க்காமல் ஒரு கையை உயர்த்திக் காட்டினாள்.

பின்னேரம் நண்டோடு வந்ததும், கை காட்டினாயே, நான் சொன்னது கேட்டதா என்று அவளிடம் கேட்டேன்.

“கேட்டது மாமி. பேசாமல் நில்லுங்கோ எண்டுதான் காட்டினனான்.”

அன்று காலை நான் பேசாமல் நிற்கவில்லை. வள்ளம் புள்ளியாகிற வரைக்கும் கத்திக்கொண்டுதான் நின்றேன்.