கிடாருக்குப் பிடித்த சுளுக்கு

காய்ச்சிய வச்சிரப் பசையின் நாற்றம் பாலக்கரையில் எங்கள் ஒற்றை அறையை விட்டுப் போகவே இல்லை. அப்பா தன் பேஸ் கிடாரின் கழுத்தில் பதிந்திருந்த "ஃப்ரெட்" என்னும் குறுக்குக் கம்பிகளைக் குறடால் பிடுங்கிவிட்டு, அந்தக் கீறல்களில் மரத்தூளையும் வச்சிரத்தையும் குழைத்து அடைத்திருந்தார். நாகஸ்வரம்போல் ஸ்வரத்துக்கு ஸ்வரம் வழுக்கிப் போக வேண்டும் என்பது அவர் ஆசை. வழுக்கத்தான் செய்தது. ஆனால் இறுக்கிப் பிடிக்க ஃப்ரெட் இல்லாத கழுத்தை நான்கு தந்திகளும் இழுத்து வில்லாக்கிவிட்டன. நடுவில் தந்தி உயர்ந்து நின்றது, அழுத்தினால் சுருதி ஓடியது.

மெல்லிசைக் குழு நடத்திய ஸ்ரீரங்கத்துக்காரர் கேட்டுவிட்டுத் தணிவாகத்தான் சொன்னார்: "சனிக்கிழமை சமயபுரத்துல கச்சேரிண்ணே. கழுத்து நிமிரலைன்னா கீபோர்டு தம்பியே இடது கையால பேஸையும் வாசிச்சிடட்டும்."

அதன்பின் அப்பாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. சோற்றில் கை வைப்பார், எழுந்துபோய் ஒரு கண்ணை மூடிக் கழுத்தை நோக்குவார், திரும்பி வந்து உட்காருவார். கழுத்துக்குள் ஓடும் இரும்புத் தண்டைத் தலைப்பக்கம் சாவி போட்டு முறுக்கினால் நிமிரும். சாவியோ அசையவில்லை, பலம் கொடுத்தால் தண்டு முறிந்துவிடும் என்ற பயம். அவர் பின்னாலேயே நானும் வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்தேன்.

அம்மா "காலால் பிறந்தவள்", தலைக்கு முன்னால் கால் வெளியே வந்த பிள்ளை. அப்படிப் பிறந்தவர் கால் பட்டால் சுளுக்கு விட்டுவிடும் என்பார்கள். சுளுக்கு, மூச்சுப்பிடிப்பு என்று தெருவே அவளிடம் வந்து குப்புறப் படுக்கும். வலது காலால் நீவிவிடுவாள். வெள்ளிக்கிழமை அப்பா கேலியாக, இதுக்கும் கழுத்துச் சுளுக்குத்தான், ஒரு மிதி மிதியேன் என்றார். அவள் சிரிக்கவில்லை.

"விறைச்சுக்கிட்டு இருந்தா யாருக்குத்தான் சுளுக்கு எடுக்க முடியும்? முதல்ல தந்தியைத் தளர்த்துங்க."

கிடாரைக் கட்டிலில் தலையணைகள்மேல் குப்புறக் கிடத்தினாள். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, முதுகு தூக்கிய இடத்தில் மெதுவாகக் கால் வைத்தாள். கட்டிலுக்கு வெளியே நீண்டிருந்த தலைப்பக்கம் அப்பா சாவியோடு குனிந்திருந்தார். "டக்" என்றது. தண்டு போயிற்று என்றே நினைத்தேன்.

"சாவி திரும்புதுடி," என்றார் அப்பா.

சமயபுரத்தில் தந்திகள் வழுக்கிய வழுக்கலில் குழுக்காரர் பாடுகிறவரை விட்டுவிட்டு அப்பாவையே பார்த்தார். எப்படி நிமிர்ந்தது என்று கேட்டதற்கு, "வீட்ல சுளுக்கு எடுத்தாங்க" என்றாராம். அதைச் சொல்லிச் சொல்லி அப்பாவே சிரிப்பார். சில வருடங்களில் கீபோர்டு தம்பியின் இடது கைதான் ஜெயித்தது. ஆனால் அது கழுத்தின் குற்றமில்லை.

இன்று அவர்கள் இருவரும் இல்லை. லோடு ஆட்டோ ஓட்டும் எனக்கு ஒரு வாரமாகக் கழுத்துப் பிடிப்பு. நீங்கள் காலால் பிறந்தவரா என்று முன்பின் தெரியாதவர்களிடம் கேட்கக் கூச்சம். கேட்ட இடங்களிலும் ஆளில்லை. குழந்தை காலைக் காட்டினால் இப்போது ஆபரேஷன் செய்து எடுத்துவிடுகிறார்கள். தாயும் பிள்ளையும் பிழைக்கிறார்கள், நல்லதுதான். சுவரில் தொங்கும் கிடாரின் கழுத்து நேராகவே இருக்கிறது. அதைப் பார்க்க நான்தான் உடம்போடு திரும்ப வேண்டியிருக்கிறது.