அக்கா சொல்லாத இரண்டு வரி

திங்கள் முதல் வெள்ளி வரை புக்கிட் ரம்பாயில் ஒரு தொழிற்சாலைக்கு மக்கள் தொடர்பு அதிகாரி. சனிக்கிழமை காலையில் டுரியான் துங்கால் பக்கம் ஒரு கல்லூரியில் அதே துறைக்கு நெறிமுறைப் பாடம் நடத்துகிறவள். கேட்கவே எரிச்சலாக இருக்கிறதா? எனக்கும்தான்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. நிகழ்ச்சி நடக்கும் முன்பே செய்தியை எழுதி முடித்துவிடுவோம். யார் என்ன சொன்னார் என்பது உட்பட. மேலதிகாரியின் பேச்சை அப்படித்தான் எழுதுவோம், அவரும் பார்த்துத் தலையாட்டுவார். பழகிய கை சும்மா இருக்குமா?

இந்தப் பொங்கலுக்கு, தொழிற்சாலைக்குப் பின்னால் இருக்கும் தாமான் குடியிருப்பில் பானையும் கரும்பும் கொடுத்தோம். வரிசையில் முதலில் நின்ற அக்காவைப் படம் எடுத்தேன். ரப்பர்த் தோட்டத்தில் பிறந்து, செங் என்ற ஊரில் ஃபேக்டரி வேலை பார்த்து ஓய்ந்தவர். பானையை வாங்கும்போதே என்னிடம் சொன்னார், சாயங்காலமானால் உங்கள் புகை வீட்டுக்குள் வருகிறது, எனக்கு மூச்சு முட்டுகிறது என்று. ஒரு முறை இல்லை, மூன்று முறை. பார்க்கிறேன் அக்கா என்றேன். பார்த்துக் கிழித்தேன்!

ஆபிஸுக்கு வந்ததும், ஏற்கெனவே எழுதி வைத்திருந்த இரண்டு வரிக்கு அக்காவின் பெயரைப் போட்டேன். “இந்தத் தொழிற்சாலையால் எங்களுக்கு ஒரு தொந்தரவும் இல்லை. நல்ல அண்டை வீட்டுக்காரர்கள்.” தமிழ்ப் பத்திரிகையில் படத்தோடு அப்படியே வந்தது.

இதில் கொடுமை என்னவென்றால், அதே வாரம் என் மாணவர்கள் கொண்டுவந்த பயிற்சிச் செய்திகளில் யாரும் சொல்லாததைச் சொன்னதாக எழுதியிருந்தார்கள். சிவப்புப் பேனாவால் கோடு கோடாக இழுத்தேன். ஒரு மணி நேரம் வாய் கிழியப் பேசினேன். வெட்கமாவது வந்ததா? இல்லை.

இரண்டு மாதம் கழித்து அக்கா மூச்சுப் பிரச்சினையைச் சொல்லி அரசாங்க அலுவலகத்தில் புகார் கொடுத்தார். எங்கள் கம்பெனி பதில் கடிதத்தோடு அந்தப் பத்திரிகைத் துண்டையும் வைத்து அனுப்பியது. நீங்களே தொந்தரவு இல்லை என்றிருக்கிறீர்களே என்று அக்காவிடம் கேட்டு, அந்த அலுவலகத்தில் புகாரை மூடிவிட்டார்கள். இதை என் மேலதிகாரி சிரித்துக்கொண்டே சொன்னார், நல்ல வேலை செய்தாய் லா என்று.

அன்று மாலையே அக்கா வீட்டுக்குப் போனேன். கதவு, ஜன்னல் எல்லாம் சாத்தியிருந்தது. நான்தான் எழுதினேன் என்று சொன்னேன். அவர் திட்டவில்லை. இழுத்து இழுத்து மூச்சு விட்டபடி கேட்டார்.

“நான் மூணு வாட்டி சொன்னேனேம்மா. அதுல ஒண்ணு கூடவா உன் காதுல விழல?”

புகாரை மறுபடி எடுக்கச் சொல்லி, அரசாங்க அலுவலகத்துக்கு அங்கேயே உட்கார்ந்து மலாயில் ஒரு கடிதம் எழுதினேன். அந்த இரண்டு வரி அக்கா சொன்னதல்ல, நான் எழுதியது என்று என் பெயர், பதவியோடு போட்டேன். வேலை போனால் போகட்டும். கீழே அக்கா கையெழுத்துப் போட இடம் விட்டு, மலாய் படிக்கத் தெரியாத அவருக்குத் தமிழில் வாசித்துக் காட்டி, பேனாவை நீட்டினேன்.

அக்கா பேனாவை வாங்கவில்லை. கடிதத்தை மட்டும் வாங்கிக்கொண்டு, பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கூப்பிட்டார்.

“இதுல என்ன எழுதியிருக்குன்னு நீ ஒரு வாட்டி படிச்சுச் சொல்லும்மா.”