கட்டி வைத்திருந்த வீடு

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது இது. யாங்கோனில், பசுந்தாங் பகுதியில் மூன்றாவது மாடியில் வாடகைக்கு இருந்தோம். திடீரென்று காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். நகரத்துக்குள் வீடு வாங்க எங்களுக்குக் கட்டுப்படியாகாது. பக்கத்து ஊரான கியாக்தானில் பழைய தேக்கு வீடு விலைக்கு வருகிறது என்று கேள்விப்பட்டு, நானும் என் கணவரும் போய்ப் பார்த்தோம். உயரமான மரக்கால்களில் நிற்கும் பர்மிய வீடு. அந்தப் பலகைத் தரையில் வெறுங்காலை வைத்ததுமே எனக்குப் பிடித்துவிட்டது. இருந்த நகையை எல்லாம் விற்று வாங்கினோம்.

விற்றவர் ஒரு பர்மிய அம்மாள். என்னை ‘தமீ’ என்றுதான் கூப்பிடுவார். மகளே என்று அர்த்தம். “நீங்க வர்றதுக்குள்ள எல்லாத்தையும் தயாரா வச்சிடுறேன் தமீ” என்றார். கூட்டிக் கழுவி வைப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

வாடகை வீட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டு, சட்டி பானை, கட்டில், இரண்டு பெண்கள் சகிதம் லாரியில் போய் இறங்கினோம். வீட்டைக் காணோம்!

தெரு மாறிவிட்டது என்று என் கணவர் டிரைவரைத் திட்டினார். ஆனால் அதே கிணறு, அதே வேலி. நடுவில் வெறும் குழிகள். ஓரத்தில் தூண் தனியாக, பலகை தனியாக அடுக்கிக் கயிற்றால் கட்டி வைத்திருந்தார்கள். நான் ஆசைப்பட்ட ஜன்னல் வேலியில் சாய்ந்து நின்றது.

“அம்மா, நம்ம வீட்டை யாரும்மா ஒடைச்சாங்க?” என்று சின்னவள் அழ ஆரம்பித்தாள்.

பக்கத்தில் தன் தங்கை வீட்டில் இருந்த அந்த அம்மாள் சிரித்த முகமாக ஓடிவந்தார். “ஒரு பலகைகூட விரிசல் விடல, பாருங்க. ஆமா, எதுக்கு லாரியில சாமானை ஏத்திக்கிட்டு வந்திருக்கீங்க?”

அப்புறம்தான் விளங்கியது. அங்கே பழைய ‘எய்ன்’, அதாவது வீடு, விற்பனைக்கு என்றால் மரம் மட்டும்தான். பிரித்துக் கொண்டுபோய் வேறு இடத்தில் நிறுத்திக்கொள்வார்கள். மனைக்குப் பெயர் ‘ச்சான்’. அதைத் தனியாகப் பேசவேண்டும். மரம் விற்ற காசில் அதே இடத்தில் அவர் சின்னதாகச் செங்கல் வீடு கட்டப்போகிறாராம். மாடியிலேயே பிறந்து வளர்ந்த எங்களுக்கு வீட்டுக்கடியில் இருக்கும் நிலத்தைப் பற்றிக் கேட்கவேண்டும் என்றே தோன்றவில்லை. பர்மிய மொழி தண்ணீர் பட்ட பாடு என்று பீற்றிக்கொள்ளும் என் கணவருக்கே இது தெரிந்திருக்கவில்லை.

நாங்கள் குடியேற வந்திருக்கிறோம் என்று தெரிந்ததும் அந்த அம்மாளின் முகம் வெளுத்துப்போனது. “அப்ப பிள்ளைங்க ராத்திரி எங்க படுக்கும்?” என்றார். நான் அழுதுவிட்டேன். அவர் திரும்பி, வீட்டைப் பிரித்துவிட்டு அங்கேயே நின்றிருந்த ஆசாரியைப் பார்த்து, “பின்னாடி நிக்கிற பலாமரத்தை எல்லாம் வெட்டுங்க. இவங்க வீட்டை அங்க தூக்கி நிறுத்துங்க” என்றார்.

வீடு எழும்பும்வரை அவருடைய தங்கை வீட்டில் இடம் கொடுத்தார். நிலத்துக்கு வாடகை என்று நாங்கள் பேச்செடுத்தாலே கோபித்துக்கொள்வார்.

வெறும் குழிகளைப் பார்த்த அதிர்ச்சி என்றோ ஆறிவிட்டது. ஆனால் முன்பின் பழக்கமில்லாத எங்களுக்காக, காய்த்துத் தொங்கிய மரங்களை ஒரு நொடிகூட யோசிக்காமல் வெட்டச் சொன்னாரே, அதை நினைத்தால் இன்றும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.