கடைப் பலகையை இறக்கியவர்

"ஐரோப்பா எலெக்‌ஷனா? அதுல பிஎச்.டி வேறயா? அத யாருகிட்ட அம்மிணி போய்ச் சொல்லப் போற?"

அமெரிக்காவில் மான்மவுத் ஜங்ஷன் என்ற ஊரில் பேஸ்மென்ட் அறையை வாடகைக்குப் பார்க்கப் போன அன்று வீட்டுக்கார அங்கிள் கேட்டது இது. சிரித்துக்கொண்டேதான் கேட்டார். கொங்குப் பக்கத்துக்காரர், ஐடி வேலை, வார இறுதித் தமிழ்ப் பள்ளியின் கமிட்டியிலும் இருந்தார். நான் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவி. தீவிர வலதுசாரிக் கட்சிகள் ஐரோப்பாவின் சின்ன ஊர்களில் எப்படி வேர்பிடிக்கின்றன என்பது என் ஆய்வு.

அடுத்த கேள்வி ஆன்ட்டியிடமிருந்து வந்தது. "ஊர்ல எந்தப் பக்கம் நீங்க?"

ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் என்றேன். எங்கள் ஊர் தெரிந்தவர்களுக்கு அது போதும். அவருக்கு ஊர் தெரிந்திருந்தது. அறை கிடைத்தது, ஆனால் அன்றிலிருந்து அம்மிணி போய் 'ஏம்மா' வந்தது. நான் குடிவந்த நாளில் கீழே பிரிக்காத பெட்டியில் ஒரு மைக்ரோவேவ் இருந்தது. "நீ ஒவ்வொரு தடவையும் கிச்சனுக்கு ஏறி வர வேண்டாம் பாரு. உனக்குத்தான் வசதி," என்றார் ஆன்ட்டி.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குள் காலெடுத்து வைத்த முதல் ஆள் நான். இதை யாருடைய இரக்கத்துக்காகவும் சொல்லவில்லை. பெருமையாகத்தான் சொல்கிறேன், கேட்காதவர்களிடமும் சொல்வேன். அம்மா கல்யாண மண்டபங்களில் பாத்திரம் கழுவுகிறாள். வாராவாரம் போனில் ஒரே கேள்விதான்: "நீ என்னதான்டி படிக்கிற? மண்டபத்துல கேக்குறாங்க, எனக்குச் சொல்லத் தெரியல." அரசியல் என்றால் "எந்தக் கட்சி?" என்பாள். நான் இதுவரை பேசிய கருத்தரங்குகள் எல்லாமே ஆங்கிலத்தில்தான். ஒன்றைக்கூட அவளுக்குக் காட்ட முடிந்ததில்லை.

அதனால்தான் தமிழ்ப் பள்ளி ஆண்டு விழாவில் கால் மணி நேரம் பேசக் கூப்பிட்டபோது அப்படி மகிழ்ந்தேன். ஒவ்வோர் ஆண்டும் நம்மவர் ஒருவர் தன் துறையைப் பற்றிப் பேசுவது அங்கே வழக்கம். என் பெயரைச் சொன்னதே அங்கிள்தான். அதையும் சொல்லத்தான் வேண்டும். கொட்டும் பனியில் என்னை விமான நிலையத்துக்கு டிரைவ் பண்ணிக் கொண்டுபோய் விட்டவரும் அவர்தான். விழா நேரம் நம் ஊரில் சாயங்காலமாக இருக்கும், அம்மா போனில் பார்க்கலாம். அம்மாவிடம் சொன்னேன்: "இந்தத் தடவை தமிழ்லம்மா. நான் படிக்கிறது முழுக்க உனக்குப் புரியும்."

அந்த உரையின் நடுவில் ஒரு கடைக்காரர் இருந்தார்.

நாட்டின் பெயரைச் சொல்ல மாட்டேன், ஆய்வுக்காக அவருக்குக் கொடுத்த வாக்கு அது. தபால் நிலையம் மூடப்பட்ட ஊர். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை வந்த பஸ்ஸும் நின்றுபோயிருந்தது. பெரிய கட்சிகள் எட்டிப் பார்க்காத அந்த ஊருக்குத் தீவிர வலதுசாரிக் கட்சி ஒன்றின் ஆட்கள் வந்தார்கள். ஒரு கோடைக்காலம் முழுக்க மக்களின் குறைகளை மட்டும் கேட்டார்கள். அடுத்த கோடையில், ஊர் எல்லையில் அகதிகள் தங்கியிருந்த கட்டடத்தைக் கை காட்டினார்கள். உங்கள் பஸ்ஸுக்கான பணம் அங்கேதான் போயிற்று என்றார்கள். தேர்தலில் ஜெயித்தார்கள்.

கடைக்காரர் இலங்கைத் தமிழர். போருக்குத் தப்பி, கையில் ஒரு பையோடு அந்நாட்டுக்கு வந்தவர். அரிசி, உறைந்த மீன், போன் கார்டு விற்றார். அந்தக் கட்சியின் துண்டறிக்கையில் அவர் படம் இருந்தது.

எனக்கு ஒரு தட்டில் மிக்சர் வைத்துவிட்டுச் சொன்னார்: "என்ர படத்தைப் போட்டது நான் கேட்டுத்தான், பிள்ளை. நாங்கள் ஒழுங்கா வந்து, பாஷை படிச்சு, வரி கட்டுறனாங்கள். இப்ப வாறவங்கள் அப்பிடியில்லை. எங்கட பேரையும் சேர்த்தெல்லோ கெடுக்கிறாங்கள்."

ஓராண்டு கழித்துத் திரும்பப் போனேன். கடையின் மேல் தமிழ்ப் பலகை இல்லை. பெயர்ப்பலகைகள் நாட்டு மொழியில் மட்டுமே இருக்க வேண்டும் என்று புதிய ஊராட்சி விதி போட்டிருந்தது. யாரும் வந்து பிடுங்கவில்லை. விதி அமலுக்கு வரும் முன்பே ஏணி வைத்து அவரே இறக்கியிருந்தார். பலகை உள்ளே மீன் பெட்டிக்குப் பின்னால் சுவர் பார்த்து நின்றது.

"சட்டம் எல்லாருக்கும்தானே," என்றார். இந்த முறை மிக்சர் வைக்கவில்லை.

இதைத்தான் எழுதினேன். விழாவில் பேசுவதை முன்கூட்டியே கமிட்டி வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டும் என்பது நடைமுறை. போட்டேன். முதலில் நான்கைந்து கட்டைவிரல்கள் வந்தன. பிறகு ஒருவர், 'அருமை. கடைக்காரர் பகுதி தேவையா?' அடுத்தவர், 'பிள்ளைகள் இருக்கிறார்கள், அரசியல் வேண்டாமே.' இதே குழுவில்தான் வாரம் தவறாமல் ஏதாவது ஒரு ஐரோப்பியத் தலைவர் மேடையில் கைநீட்டி முழங்கும் வீடியோ வரும். யாரோ பொறுமையாக உட்கார்ந்து தமிழில் எழுத்து ஓடவிட்டிருப்பார்கள். அடியில் கைதட்டல் வரிசை. அது அரசியலில் சேராது போலிருக்கிறது.

சனிக்கிழமை மதியம் அங்கிள் என்னை மேலே கூப்பிட்டார். என் உரையைப் பிரிண்ட் எடுத்து வைத்திருந்தார். ஆன்ட்டி கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். பதினொன்றாவது படிக்கும் மகள் சோபாவில் கால் நீட்டிப் படுத்திருந்தாள்.

"நல்லா எழுதியிருக்கம்மா. ஆனா ஒண்ணு புரிஞ்சுக்கோ. அந்தக் கட்சிங்க சொல்றது இல்லீகலா வர்றவனத்தான். நம்மள இல்ல. நாங்கெல்லாம் கிரீன் கார்டுக்கு எத்தன வருஷமா நிக்கிறோம், நடுவுல புகுந்து வர்றவனப் பாத்தா வயிறு எரியுமா எரியாதா?"

"கடைக்காரரும் இதையேதான் அங்கிள் சொன்னார்."

"அவரு அகதியா வந்தவரு. அவரு கணக்கு வேற. நாம மெரிட்ல வந்தவங்க."

"நானும் மெரிட்தான் அங்கிள். ஆனா எனக்குக் கீழ தனியா மைக்ரோவேவ் வெச்சிருக்கீங்க."

கீரைக்குள் ஆன்ட்டியின் கை நின்றது. அங்கிளுக்குப் புரியவில்லையா, புரியாத மாதிரி இருந்தாரா, இன்றுவரை தெரியாது. "இவ எதுக்கு மைக்ரோவேவுக்குப் போறா?" என்று மனைவியைப் பார்த்தார்.

சோபாவிலிருந்து மகள் போனை விட்டுத் தலை தூக்காமலே சொன்னாள்: "டாட், ஷீ மீன்ஸ் அஸ். த ஷாப் கய் இஸ் யூ."

"நீ சும்மா இரு. மொதல்ல கால எடு சோபாலருந்து."

பிறகு குரலைத் தாழ்த்தினார். அவருடைய விசா புதுப்பிப்பு அந்த மாதம்தான். கோபத்தைவிட அந்தக் குரலில் பயம்தான் அதிகம் இருந்தது. "யாராவது வீடியோ எடுத்துப் போடுவான். நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா ஸ்கூலுக்குத்தான் பிரச்சன. உனக்கும் ஸ்டூடன்ட் விசா. இங்க பாரு, காலேஜ் அட்மிஷன் பத்திப் பேசு. எஸ்ஸே எப்படி எழுதறது, புரொபஸர்ங்க என்ன எதிர்பாக்கறாங்க, இப்படி. பேரன்ட்ஸ் எல்லாம் நோட்ஸ் எடுப்பாங்க. நீ பேசறதும் பேசின மாதிரி ஆச்சு."

சரி என்றேன்.

ஏன் சொன்னேன் என்று பலமுறை கேட்டுக்கொண்டிருக்கிறேன். விசா என்ற சொல் போதுமாக இருந்தது. அவர் ஒன்றும் மிரட்டவில்லை. கீழே போய், எழுதிய ஆறு பக்கத்தையும் கணினியிலிருந்தும் குழுவிலிருந்தும் நானே அழித்துவிட்டு, அட்மிஷனைப் பற்றி ஐந்து பக்கம் எழுதினேன். அங்கிள் மறுபடி குழுவில் போடச் சொன்னார். இந்த முறை எல்லாக் கட்டைவிரல்களும் வந்தன.

விழா நன்றாகவே நடந்தது. பெற்றோர்கள் உண்மையிலேயே நோட்ஸ் எடுத்தார்கள். ஒரு அப்பா, எட்டாவது படிக்கும் மகனுக்கு இப்போதே எஸ்ஸே ஆரம்பிக்கலாமா என்று கேட்டார். முன்வரிசையில் ஸ்டாண்டில் மாட்டியிருந்த என் போனில் அம்மா தெரிந்தாள். அன்றைக்கு மண்டப வேலைக்குப் போகவில்லை. நான் வாங்கிக் கொடுத்த மாம்பழ நிறப் புடவையைக் கட்டியிருந்தாள். பின்னால் எங்கள் தெருப் பெண்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். நான் பேசி முடித்ததும் எல்லாரும் கைதட்டினார்கள். அம்மா தட்டவில்லை.

கார் நிறுத்துமிடத்தில் நின்று கூப்பிட்டேன்.

"நல்லாப் பேசுன," என்றாள். பிறகு கேட்டாள்: "ஏண்டி, இதுதானா? பணக்காரப் பிள்ளைங்கள காலேஜ்ல சேக்குறதுக்கா நீ இத்தன வருஷமாப் படிச்ச?"

"இல்லம்மா."

"பின்ன என்னத்தப் படிச்ச? புரியும்னு சொன்ன. புரிஞ்சுது. அதான் கேக்குறேன்."

அவள் அழவில்லை, திட்டவுமில்லை. மண்டபத்தில் இனிமேல் யாராவது கேட்டால் என்ன சொல்வாளோ என்று நினைத்தபோது எனக்கு முகம் எரிந்தது. அந்தக் கடைக்காரரைப் பற்றி என் குறிப்பேட்டில் 'தன் பலகையைத் தானே இறக்கிக்கொண்டவர்' என்று கொஞ்சம் இளக்காரமாகவே எழுதியிருந்தேன். அந்த வரியை ஆய்வேட்டிலிருந்து எடுத்துவிட்டேன். அப்படி எழுத எனக்கு என்ன யோக்கியதை.

அங்கிள் மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. அவருடைய பயம் பொய்யில்லை, அது எனக்குத் தெரியும். ஆனால் அந்தப் பயத்தைக் கொண்டுபோய்த் தன்னைவிடப் பலவீனமானவன் தலையில் இறக்குகிறார். குழுவில் வரும் அந்த வீடியோக்கள் சொல்லித் தருவதும் அதைத்தான். இதை அவரிடம் சொல்லியும் பார்த்தேன். "நீ ரொம்ப யோசிக்கிற," என்றார்.

போன செவ்வாய்க்கிழமை இங்குள்ள பொது நூலகத்துக்குப் போனேன். அங்கே யார் வேண்டுமானாலும் கூட்டம் நடத்த ஓர் அறை தருகிறார்கள். படிவத்தில் பேச்சாளர் என்ற இடத்தில் என் முழுப் பெயரை எழுதினேன். தலைப்பில் 'கடைப் பலகை' என்றும், மொழியில் தமிழ் என்றும் எழுதினேன். எத்தனை பேர் வருவார்கள் என்ற கட்டத்தில் மட்டும் கொஞ்சம் தயங்கி, இரண்டு என்று போட்டேன். ஒன்று அம்மா, போனில். இன்னொன்று அங்கிளின் மகள். புரியாத இடத்தில் கையைத் தூக்குவேன் என்று நிபந்தனை போட்டிருக்கிறாள்.

அழித்த பக்கங்களை மறுபடி எழுதி முடித்துவிட்டேன். இந்த முறை யாருடைய பார்வைக்கும் அனுப்பவில்லை. அறிவிப்புத் தாளை இந்தியன் ஸ்டோரின் வாசல் பலகையில், தோசை மாவு விளம்பரத்துக்குப் பக்கத்தில், நான்கு மூலையிலும் ஊசி குத்தி மாட்டிவிட்டு வந்தேன்.